ஒற்றைக்கண் பிரபுவும் ஒரு ஆணியும்

ஞாயிற்றுக்கிழமை. லீவு. இருப்பதோ வெளிநாட்டில். அப்படியிருந்தும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, ஒன்றரை மணி நேரம் க்யூவில் நின்று, ஓர் ஆபீசுக்குள் நுழைந்தேன். இந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்த குமாஸ்தா உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

விளக்கிவிடுகிறேன். இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் என்கிற நகரத்தில் உஃபீஸி என்று ஓர் ஓவியக் காட்சிக்கூடம் இருக்கிறது. 'உஃபீஸி' என்றால் அந்த ஊர் பாஷையில் 'ஆபீஸ்கள்' என்று அர்த்தம். நிஜமாகவே ஆபீஸாகக் கட்டியதுதான். 1560-ல் கோஸிமோ டி மெடிசி என்ற ஆட்சியாளர், ஊரில் ஆங்காங்கே சிதறிக்கிடந்த அரசாங்க அலுவலகங்களை எல்லாம் தன் கண்பார்வையில் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, வஸாரி என்ற ஓவியரைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னார். (லேட்டாக வருகிறவர்களைப் பிடிக்க சௌகரியம்!) பிற்பாடு அவர் மகன் மேல்மாடியில் சிலைகளையும் படங்களையும் அடுக்க ஆரம்பித்தார். நாளாவட்டத்தில் ஃபைல்கள் தோற்றன, படங்கள் ஜெயித்தன. நம் ஆபீசில் அப்படி ஒன்றும் நடக்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, நான் எப்படி அங்கே? பெரியமேட்டில் தோல் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் எனக்கு. ஃப்ளாரன்ஸுக்குப் பக்கத்தில், ஆர்னோ ஆற்றங்கரையில் ஸான்டா க்ரோச்சே என்று ஒரு சின்ன ஊர். ஊர் முழுக்கத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். அங்கே ஒரு பார்ட்டியுடன் பில் தகராறு. போக வேண்டிய மேனேஜருக்கு மஞ்சள் காமாலை. அதிர்ஷ்டம் என் பக்கம் அடித்தது. அந்த ஊரில் இறங்கி மூச்சை இழுத்ததும் அப்படியே பழைய குரோம்பேட்டை வாசனை. சொந்த மண்ணுக்கு வந்த மாதிரி கண் கலங்கிவிட்டது.

உண்மையில் கண் கலங்குவதற்கு வேறு காரணமும் இருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி போனில் அப்பாவுடன் சண்டை.

அப்பா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். தாலுகா ஆபீசில் ஹெட்கிளார்க்காக ரிட்டயர் ஆனவர். வயது 76. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. 'மெட்ராஸுக்கு வந்து எங்களோட இருங்கப்பா' என்று ஆறு வருஷமாக மன்றாடுகிறோம். நடுவில் ஒரு தடவை வந்தார். மடிப்பாக்கத்தில் எங்கள் வாடகை ஃப்ளாட்டைச் சுற்றிப் பார்த்தார். ஹால் சுவரை விரல் முட்டியால் 'டொக் டொக்' என்று தட்டி, "இங்க ஆணி அடிக்கலாமாடா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். "அக்ரிமென்ட்ல தனி கண்டிஷனே போட்டிருக்கார்ப்பா ஓனர். காலண்டரையே காந்தம் வெச்சு ஃப்ரிட்ஜ்லதான் ஒட்டியிருக்கோம்."

"ஓஹோ" என்றார். மறுநாள் காலை ரயிலில் கும்பகோணம் போனவர்தான். அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்: "வரலைடா."

அன்று ராத்திரி எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பிடிவாதம்ப்பா உங்களுக்கு! வேற ஒண்ணுமில்லே" என்று கத்தினேன். "சரி, வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டார். ப்ளேன் ஏறும்போது 'பத்திரமாகப் போய் வா' கூடக் கிடைக்கவில்லை.

இந்த மூடில்தான் உஃபீஸிக்குள் நுழைந்தேன். டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம். எனவே ஒரு படம் விடாமல் பார்த்துவிடுவது என்று தீர்மானம். பத்துப் பதினைந்து மடோன்னாக்களுக்கு அப்புறம் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் எங்கேயோ பாட்டிச்செல்லியின் வீனஸ். அங்கே திருவிழாக் கூட்டம், ஆளாளுக்கு செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி. கூட்டம் குறைவான இடமாக ஒதுங்கினேன்.

அங்கேதான் அந்த மனுஷர் இருந்தார்.

படம் ஒன்றும் பெரிசில்லை. ஒன்றரை அடி உயரம், ஓரடிக்குக் கொஞ்சம் கூட அகலம். சுமாரான காலண்டர் சைஸ். பக்கவாட்டு முகம். சிவப்பு அங்கி, தலையில் கவிழ்த்த படி மாதிரி சிவப்புத் தொப்பி. கன்னத்தில் மருக்கள். அப்புறம் அந்த மூக்கு! நெற்றியிலிருந்து இறங்குகிற மூக்கு, கண்ணுக்கு நேராக வந்ததும் திடீரென்று ஒரு பள்ளம் விழுந்து, பிறகு கழுகு அலகு போல வளைகிறது. யாரோ உளி வைத்து ஒரு துண்டு பெயர்த்தெடுத்த மாதிரி.

கிட்டத்தட்ட அதுதான் நடந்தது என்கிறார்கள்.

பெயர் ஃபெடெரிகோ டா மான்டெஃபெல்ட்ரோ. உர்பினோ என்ற மலைநாட்டுப் பிரபு. 1422-ல், முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. பட்டம் தம்பிக்குப் போனது. 1444-ல் அந்தத் தம்பியைச் சதிகாரர்கள் கொன்றுபோட, அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொழில்? கூலிப்படைத் தலைவர். அந்தக் காலத்து இத்தாலியில் யுத்தமே காண்ட்ராக்ட் முறையில்தான். எத்தனை குதிரை, எத்தனை மாசம், எவ்வளவு சம்பளம், எல்லாம் எழுத்தில். சண்டை இல்லாத காலத்தில், 'எதிர்க் கட்சிக்குப் போய்விடாதே' என்று சும்மா இருப்பதற்கே தனிப் பணம்! (எங்கள் ஆபீசிலும் சும்மா இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் அதை அக்ரிமென்டில் எழுதித் தருவதில்லை.)

அப்படிச் சம்பாதித்த பணத்தை அவர் குடித்துத் தீர்க்கவில்லை. உர்பினோவில் அரண்மனை கட்டினார். நூல்நிலையம் வைத்தார். முப்பது நாற்பது பேரை உட்கார்த்தி வைத்துக் கையால் நகல் எழுத வைத்தார். அந்தப் புத்தகங்கள் 1657-ல் வாடிகன் நூலகத்துக்குப் போய் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. உர்பினோ அரண்மனையில் இவருடைய இன்னொரு படம் உண்டு. முழுக் கவசம் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, மும்முரமாகப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் சின்னப் பையன் நிற்பான். அதிலும் இதே பக்கவாட்டு முகம், இதே இடது கன்னம்.

ஏன் எப்போதும் இடது? 1450-ல் ஒரு குதிரைச் சண்டைப் பந்தயத்தில் ஈட்டி பாய்ந்து வலது கண் போய்விட்டது. படைத்தலைவனுக்கு ஒரு கண் போனால் பாதி உலகம் போனது. யார் எந்தப் பக்கத்திலிருந்து கத்தியோடு வருவான் என்று தெரியாது. அதனால் மிச்சமிருக்கிற இடது கண் வலது பக்கமும் பார்க்கட்டும் என்று, குறுக்கே நின்ற மூக்கின் மேல் பகுதியை வைத்தியர்களை விட்டு வெட்டியெடுக்கச் சொன்னார் என்று கதை. மயக்க ஊசி கண்டுபிடிக்காத காலம், ஸார்! பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே கைப்பிடியைப் பிய்க்கிற எனக்கு, படிக்கும்போதே மூக்கு வலித்தது.

படம் வரைந்தவர் பியரோ டெல்லா ஃப்ரான்செஸ்கா. ஓவியர் என்பதோடு கணிதப் புத்தகங்கள் எழுதியவர். அதுவரை இத்தாலியில் பெரும்பாலும் முட்டையின் மஞ்சள் கருவில் வண்ணம் குழைத்தார்கள். அது பொசுக்கென்று காய்ந்துவிடும். வடக்கே ஃப்ளாண்டர்ஸ் பக்கத்துக்காரர்கள் எண்ணெயில் குழைத்தார்கள். அது நிதானமாகக் காயும். மெல்லிசாக ஒரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கலாம். பியரோ அந்த வித்தையைப் பிடித்துக்கொண்டார். பிரபுவின் கழுத்து மடிப்பு, மரு, தோலின் பழுப்பு, அவருக்குப் பின்னால் மைல் கணக்கில் விரியும் மலை, ஏரி, தம்மாத்தூண்டு படகுகள், தூரத்து மூட்டம் எல்லாம் அந்த எண்ணெயின் கைங்கரியம்.

யோசித்துப் பாருங்கள். காசு கொடுக்கிறவர் பிரபு. நம் ஊர் ஸ்டூடியோவாக இருந்தால் மருவையெல்லாம் எடுத்து, கன்னத்தில் ரோஸ் பவுடர் அடித்துத் தந்திருப்பார்கள். இவர் மருவை மறைக்கவில்லை. மூக்கை மறைக்கவில்லை. மறைத்தது ஒன்றே ஒன்று, அந்த வலது பக்கம்.

வலது பக்கத்தில் மறைந்திருந்தது கண் மட்டுமில்லை. 1472-ல் ஃப்ளாரன்ஸ்காரர்கள் இவரைக் கூலிக்கு அமர்த்தி வோல்டெர்ரா என்ற ஊரை அடக்க அனுப்பினார்கள். ஊர் சரணடைந்தது, அப்படியும் படை உள்ளே புகுந்து சூறையாடியது. அங்கேயிருந்து ஓர் அருமையான ஹீப்ரு பைபிள் கைப்பிரதி இவருடைய நூல்நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. (புத்தகப் பிரியர்களிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்!) ஃப்ளாரன்ஸ் நகரம் மகிழ்ந்துபோய் இவருக்கு வெள்ளியில் ஹெல்மெட் செய்து கொடுத்தது.

ஆறு வருஷம் கழித்து, 1478 ஏப்ரல் 26. அதே ஃப்ளாரன்ஸ். உஃபீஸியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் தலைமைத் தேவாலயத்தில் பூசை நடந்துகொண்டிருக்கும்போது மெடிசி சகோதரர்கள் மேல் கத்தி பாய்ந்தது. தம்பி ஜூலியானோவுக்கு 19 குத்து, அங்கேயே முடிந்தார். அண்ணன் லொரென்சோ கழுத்தில் காயத்தோடு தப்பினார். பாட்ஸி என்கிற பாங்க் குடும்பம்தான் முன்னால் நின்றது என்று சரித்திரம் சொல்லிற்று. நம்ம பிரபுவின் பங்கு மூடு மந்திரமாகவே கிடந்தது.

2001-ல்தான் குட்டு உடைந்தது. மார்செல்லோ சிமொனெட்டா என்ற சரித்திர ஆராய்ச்சியாளர், உர்பினோவில் ஒரு குடும்பத்தின் தனிச் சேகரத்தில் 1478 பிப்ரவரியில் எழுதிய ரகசியக் கடிதம் ஒன்றைப் பிடித்தார். முழுக்க விசித்திரக் குறிகள். அவருடைய மூதாதையான சிக்கோ சிமொனெட்டா 1474-லேயே இம்மாதிரிக் குறிகளை உடைப்பதற்கு விதிகள் எழுதி வைத்திருந்தார். பாட்டன் கொடுத்த சாவியால் பேரன் பூட்டைத் திறந்தார். உள்ளே ஃபெடெரிகோ! சதியில் அவருக்கும் பங்கு உண்டு. ஊருக்கு வெளியே 600 வீரர்களைத் தயாராக நிறுத்த ஏற்பாடு. 523 வருஷம் ஒளிந்திருந்த வலது பக்கம்!

வேடிக்கை என்னவென்றால், மெடிசிக்களைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போட்டவரின் படம் இன்று மெடிசிக்கள் கட்டிய ஆபீசில் மாட்டியிருக்கிறது. பிரபுவின் வம்சாவளிச் சொத்து கடைசியில் விட்டோரியா என்கிற பெண் குழந்தையிடம் வந்து நின்றது. அவள் மெடிசி வீட்டுக்கு நிச்சயிக்கப்பட்டவள். நாடு போப்பாண்டவருக்குப் போக, எடுத்துச்செல்ல முடிந்த பொருள் எல்லாம் 1631-ல் ஃப்ளாரன்ஸ் வந்தது. சுருக்கமாகச் சொன்னால், வில்லன் சீர்வரிசையில் வந்து சேர்ந்தார்.

இதுவரை நான் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. படம் ஒன்றில்லை, இரண்டு. முன்பு கீல் போட்டுப் புத்தகம் மாதிரித் திறந்து மூடும்படி இருந்தவை. வலது பலகையில் பிரபு. இடது பலகையில் ஒரு பெண். பிரபு இவ்வளவு நேரமும் நம்மைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவள் பெயர் பட்டிஸ்டா ஸ்ஃபோர்ஸா. அவருடைய இரண்டாவது மனைவி. 1460-ல் கல்யாணம் நடந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது வாக்கில்; அவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். லத்தீன் சரளமாகப் பேசுவாள். அவர் காண்ட்ராக்ட் சண்டைகளுக்குப் போய்விட்டால் நாட்டை அவள்தான் பார்த்துக்கொண்டாள். வரிசையாகப் பெண் குழந்தைகள். கடைசியில் 1472 ஜனவரியில் ஒரு பையன் பிறந்தான். கவசம் போட்டவர் படிக்கும் படத்தில் பக்கத்தில் நிற்கிறானே, அவன்தான். ஜூலையில் அவள் இறந்துவிட்டாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. அதே கோடையில்தான் வோல்டெர்ரா வெற்றி. வெள்ளி ஹெல்மெட் கௌரவத்தின் சூடு ஆறுவதற்குள் அவர் மனைவியை இழந்தார். பிறகு பத்து வருஷம் உயிரோடு இருந்தார். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

படத்தில் அவள் முகம் சங்கு மாதிரி வெளுத்திருக்கிறது. கழுத்தில் முத்துக்கள், தலையில் நகை. அந்தக் காலத்துப் பெரிய வீட்டுப் பெண்களுக்கு வெளுப்புதான் நாகரிகம். ஆனால் அவள் இறந்த பிறகு வரைந்த படம் இது என்று நினைக்கிறவர்கள் பலர். அதற்கு அத்தாட்சி படத்தின் முதுகில் இருக்கிறது.

நல்ல வேளையாக, பின்பக்கமும் பார்க்கிற மாதிரிதான் நட்டநடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சுற்றிக்கொண்டு போனேன். பின்னாலும் ஓவியம்! பிரபு வெள்ளைக் குதிரைகள் இழுக்கும் தேரில் வருகிறார். எதிரே மனைவி, ஒற்றைக்கொம்புக் குதிரைகள் இழுக்கும் தேரில். கீழே லத்தீனில் சாஸனம் மாதிரி எழுத்து. கையில் இருந்த கைட் புத்தகம் அதை விளக்கியிருந்தது. அவரைப் பற்றிய வரிகள் நிகழ்காலத்தில் இருக்கின்றன. அவர் தேரில் போகிறார். அவளைப் பற்றிய வரிகளில், அவள் அடக்கமாக வாழ்ந்ததைச் சொல்லும் வினைச்சொல் இறந்தகாலத்தில் இருக்கிறது.

இறந்தகாலம். எட்டாம் வகுப்பில் தமிழ் வாத்தியார் பிரம்போடு சொல்லிக்கொடுத்த வார்த்தை. அதற்குள் இப்படி ஓர் அர்த்தம் உட்கார்ந்திருப்பது அந்த மேல்மாடியில்தான் எனக்கு உறைத்தது.

கைட் புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இன்னொரு படம். மிலான் நகரத்தில் இருப்பது. இதே பியரோ வரைந்தது. மாதாவுக்கு முன்னால் பிரபு கவசத்தோடு வலது ஓரத்தில் மண்டியிட்டிருக்கிறார். இடது ஓரத்தில் அவருக்கு ஜோடியாக மனைவி மண்டியிட வேண்டிய இடம். அங்கே யாரும் இல்லை. அந்த இடம் காலி.

மறுபடி முன்பக்கம் வந்தேன். அவ்வளவு பெரிய மனுஷர். ஊரைச் சூறையாடியவர். சதி செய்தவர். யாருக்கும் காட்டாத முகம் ஒன்றை வைத்திருந்தவர். மிச்சமிருக்கிற ஒற்றைக் கண்ணால் ஐநூற்றைம்பது வருஷமாக எதிர்ச் சுவரில்... இல்லை, எதிர்ப் பலகையில் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

எதிர்ச் சுவர்.

கும்பகோணம் வீட்டு ஹாலில் அப்பாவின் ஈஸி சேர் ஆறு வருஷமாக ஓர் அசட்டு இடத்தில் கிடக்கிறது. சமையலறைக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டு. போகிறவர் வருகிறவர் எல்லாம் இடித்துக்கொள்வார்கள். என் மனைவி இரண்டு தடவை நகர்த்திப் போட்டாள். மறுநாள் காலை சேர் பழைய இடத்துக்கே வந்திருக்கும். "ஃபேன் காத்து அங்கதான் வருது" என்பார். ஃபேன் வேறு பக்கம் இருக்கிறது.

சேருக்கு நேர் எதிரே சுவரில் அம்மாவின் போட்டோ. அக்கா கல்யாணத்து க்ரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிசு பண்ணியது. அம்மா காமிராவைப் பார்க்காமல் ஒரு பக்கமாகத் திரும்பியிருப்பாள். 'வேற நல்ல போட்டோ போடலாம்பா' என்று நான்கூடச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த க்ரூப் போட்டோவில் அம்மா திரும்பிய பக்கத்தில் நின்றது யார் என்று இப்போது ஞாபகம் வந்தது. பட்டு வேஷ்டியும், புதுச் சட்டையும், 'சீக்கிரம் எடுப்பா' என்கிற கடுகடுப்பான முகமுமாக அப்பா.

'இங்க ஆணி அடிக்கலாமாடா?'

நான் சிரித்தேனே!

வெளியே வந்து ஆர்னோ ஆற்றங்கரைக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தேன். ஊரில் மாலை ஆகியிருக்கும். முதலில் ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டேன்.

"ஸார், ஒரே ஒரு ஆணி."

"என்ன ஸார், அக்ரிமென்ட்ல தெளிவா..."

"தெரியும் ஸார். எங்கம்மா போட்டோ மாட்டணும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எத்தனை இன்ச்?" என்றார்.

"ரெண்டு இன்ச் போதும் ஸார்."

"சுத்தியலால அடிக்காதீங்க, பூச்சு உதிரும். ட்ரில் போடுங்க. ஆள் நான் அனுப்பறேன்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அட்வான்ஸ்ல பிடிக்க மாட்டேன்" என்றார். ஒரு சென்னை ஹவுஸ் ஓனரின் வலது பக்கத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்து அப்பா. நாலாவது மணியில் எடுத்தார்.

"என்னடா, ஐ.எஸ்.டி.யா? காசு ஆகுமே. சொல்லு சீக்கிரம்."

"அப்பா, நம்ம ஃப்ளாட்ல ஆணி அடிக்க ஓனர் ஒத்துக்கிட்டார்."

பதில் இல்லை. ஆற்றில் ஒரு படகு பாலத்துக்கு அடியில் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எத்தனை ஆணி?"

"ஒண்ணுதான்ப்பா. ஈஸி சேரையும் லாரியில ஏத்திடலாம். எந்தச் சுவர்னு நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்க."

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு? கிழக்குச் சுவர்தான்" என்றார். குரல் கொஞ்சம் கரகரத்தது. "ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில அடிக்காது. அன்னிக்கே பார்த்து வெச்சுட்டேன்டா."